பனியின் கனம்

தமிழில் பனி என்றால் நடுக்கும், குத்தும், துளைக்கும், அழுத்தாது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் பழமொழி. மச்சைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிற பனியைத்தான் நமக்குத் தெரியும். மச்சின் மேல் ஏறி உட்கார்ந்து உத்தரத்தை முறிக்கிற பனியை நாம் பார்த்ததில்லை. பார்த்திருக்க நியாயமும் இல்லை. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது பனி. கோலம் போடுகிறவளின் முந்தானையை நனைப்பதும் பனி. சர்பத்தில் உடைத்துப் போடுவதை ஐஸ் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். எழுத்தில் அதுவும் பனிக்கட்டியாகிவிடுகிறது. இமயமலையின் தலையில் இருப்பதும் பனிதான். சொல்லைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதை வைத்துக்கொண்டு நம் கதைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இங்கே பேச்சு.

இந்த யோசனையைக் கிளப்பிவிட்டது மாரண்டஹள்ளியிலிருந்து வந்த ஒரு தபால். மாரண்டஹள்ளி, தர்மபுரி ஜில்லாவில் பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே, சேலம்–பெங்களூர் ரயில் பாதையில் இருக்கிற சிற்றூர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காருகிற இடம். அங்கே இருக்கிற நண்பர் ஹைஸ்கூல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எர்னஸ்ட் ஹெமிங்வே 1925-ல் வெளியிட்ட ‘கிராஸ் கன்ட்ரி ஸ்னோ’ என்ற சிறுகதையைத் தமிழில் பண்ணி, அபிப்பிராயம் கேட்டு எனக்கு அனுப்பியிருந்தார். பிரசுரிக்கிற உத்தேசம் அவருக்கு இல்லை, பொழுதுபோக்கு. பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள்தாம் சில சமயம் சிரத்தையாகச் செய்கிறார்கள். பனியைப் பொறுத்தவரை அவருடைய மூலதனம், தை மாதத்துக் காலைகளில் தென்னந்தோப்பில் இறங்கும் மூட்டம் ஒன்றுதான்.

கதை சின்னது. ஸ்விட்ஸர்லாந்து மலையொன்றில் நிக், ஜார்ஜ் என்று இரண்டு இளைஞர்கள். பனி தண்டவாளத்தை மூடிவிட்டதால் மலை ரயில் பாதியில் நின்றுவிடுகிறது. நிக் சாமான் பெட்டியில் இருந்தபடியே சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு பூசி, காலில் மாட்டிக்கொண்டு வெளியே குதிக்கிறான். காற்று அடித்து அடித்து இறுகிப்போன சரிவு. வேகம் ஏறுகிறது. அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று அவனுக்கே தெரிகிறது, விட மனமில்லை. கீழே ஒரு பள்ளத்தில் காற்று ஒதுக்கிவிட்டுப் போன இளம்பனி காத்திருக்கிறது. பலகை அதில் நுழைந்த கணத்தில் ஆசாமி குட்டிக்கரணம் போடுகிறான். மூக்கிலும் காதிலும் பனி. எழுந்து தட்டிக்கொண்டு மறுபடி இறங்குகிறான். பிறகு இருவரும் ஒரு சத்திரத்தில் உட்கார்ந்து ஒயின் குடிக்கிறார்கள். பரிமாறுகிற பெண் கர்ப்பிணி. விரலில் மோதிரம் இல்லை. நிக்கின் மனைவிக்கும் குழந்தை பிறக்கப் போகிறது. அமெரிக்காவுக்குத் திரும்பவேண்டியிருக்கும். அங்கே மலை உண்டு. ஆனால் பாறையும் காடுமாக, எட்டாத தூரத்தில். இனி இப்படிச் சேர்ந்து சறுக்க வாய்க்குமோ, வாய்க்காதோ? நாலு வார்த்தை பேசுகிறார்கள். வெளியே வந்து பலகைகளை எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

பள்ளத்தில் கிடந்த அந்த இளம்பனியை நண்பர் ‘மெத்தென்ற பனி’ என்று எழுதியிருந்தார். அகராதிப்படி சரி. ஆனால் தமிழில் மெத்தென்று இருப்பது எது? மெத்தை, இட்லி, பூனைக்குட்டி. மெத்தென்ற பனியில் விழுந்தவனுக்கு என்ன வந்துவிட்டது என்று வாசகர் கேட்பார். சினிமாவில் அதில் புரண்டு எழுந்து பாட்டே பாடுகிறார்களே! ஹெமிங்வே அந்த இடத்தில் மிருதுவைச் சொல்ல வரவில்லை. காலைப் பிடித்துக்கொள்கிற ஒரு பொறியைச் சொல்ல வந்தார். அந்த ஒரு சொல் வழுக்கினால் நிக் ஏன் விழுந்தான் என்பது தெரியாமல் போகிறது. அது தெரியாவிட்டால் சத்திரத்துப் பேச்சும் வெறும் பேச்சாகிவிடுகிறது.

பனிச்சறுக்கின் சூட்சுமம் கொஞ்சம் தெரிந்தால்தான் இது விளங்கும். நான் சறுக்கியவன் அல்ல. படித்தும் விசாரித்தும் அறிந்ததைச் சொல்கிறேன். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 70 கிலோ வரைதான் இருக்கும். அதே கொள்ளளவுத் தண்ணீரோ 1,000 கிலோ. ஊதினால் பறக்கிற பனி அது. காற்றில் ஈரம் ஏறி, குளிர் கொஞ்சம் தணிந்திருக்கும்போது விழுகிற பனி 100 முதல் 200 கிலோ வரை போகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இரண்டும் வெள்ளை, இரண்டும் முழங்காலுக்கு மேல். முதலாவதில் பலகை புகுந்து புகைபோல் கிளப்பிக்கொண்டு போகிறது. இரண்டாவதில் பலகையின் நுனி அமிழ்ந்தால் பிறகு வெளியே வராது. ஆள் மட்டும் முன்னே போவான்.

கெட்டித்த சரிவில் திரும்பும்போது வெளிப்புறக் காலில் பாரத்தைப் போடுவது முறை. ஆழ்ந்த கனத்த பனியில் அப்படிச் செய்தால் அந்தக் கால் புதையும், மற்றது மிதக்கும். கால் இரண்டும் இரண்டு கட்சியாகிவிடும். ஆகையால் கால்களை நெருக்கி, இரண்டிலும் பாரத்தைச் சமமாக வைக்க வேண்டும். பயந்து மெல்லப் போகவும் கூடாது. மோட்டார் படகு வேகம் பிடித்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நீர்மேல் ஏறுகிறதே, அதுபோல வேகம் இருந்தால்தான் பலகை மேலே வரும். திரும்பும்போது வெடுக்கென்று திருப்பக்கூடாது. பெரிய வட்டமாக, அவசரப்படாமல் திரும்பவேண்டும். இப்போது பலகைகளே அகலமாகிவிட்டன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷேன் மக்கான்கி என்ற அமெரிக்கர், ஆழ்பனியைத் தரையாக நினைக்காதே, தண்ணீராக நினை என்று நீர்ச்சறுக்குப் பலகையை மாதிரியாக வைத்துப் பனிப்பலகையையே வடிவம் மாற்றினார். நிக் காலத்தில் அதெல்லாம் இல்லை. பூட்ஸை இரும்புக் கொக்கியில் இறுக்கிப் பூட்டிக்கொள்வான், விழுந்தால் பலகை கழன்றுகொள்ளாது, முறிந்தால் கால்தான். இன்றைக்குக் கழன்றுகொள்கிறது. ஆனால் கழன்ற பலகை பனிக்கடியில் எங்கேயோ போய்விடுகிறது. அதற்காக நீளமான நாடாவைக் கட்டி வைக்கிறார்கள். எழுந்திருக்க ஊன்றுகோலை ஊன்றினால் அதுவும் கைப்பிடிவரை இறங்கிவிடும். கோல்கள் இரண்டையும் பெருக்கல் குறிபோல் பனிமேல் படுக்கவைத்து, அதில் கைவைத்து எழ வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சறுக்குதல் என்றால் நமக்கு விபத்து. யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். வியாபாரத்தில் சறுக்கினான் என்கிறோம். கோகுலாஷ்டமிக்கு நடுகிற வழுக்குமரத்தில்கூட ஏறுகிறவனுக்குத்தான் பரிசு. சறுக்குவதே வித்தையாக இருக்கிற இடத்துக்கு நம் பாஷை புதியது.

நம் தேசத்தில் இந்தப் பனியைத் தேடிப் போகிறவர்கள் காஷ்மீரத்துக் குல்மார்க்குக்குப் போகிறார்கள். 1927-லேயே பிரிட்டிஷ் அதிகாரிகள் அங்கே சறுக்கு சங்கம் ஆரம்பித்தார்கள். மின்கம்பி ஊஞ்சலின் முதல் பகுதி 1998-லும், அபர்வத் சிகரத்தின் தோள்வரை, கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்துக்கு எட்டுகிற இரண்டாவது பகுதி 2005-லும் திறக்கப்பட்டன. அதன் பிறகு ஐரோப்பாக்காரர்களும் ஆஸ்திரேலியாக்காரர்களும் பனிக்காகவே வந்து குவிந்தார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளையான ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் சார்பில் தனி ஆளாகச் சறுக்கினார். பந்தயச் சரிவு வேறு சமாச்சாரம். அங்கே பனியைக் கல்போல் கெட்டிப்படுத்தி வைப்பார்கள். இளம்பனி அங்கே எதிரி.

காஷ்மீரிகள் பனியை ஷீன் என்கிறார்கள். டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் சில்லைக் கலான், பெருங்குளிர். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வருகிற ஈரக்காற்று அந்த நாட்களில் உலர்ந்த பனியாக விழவேண்டும். வெயில் ஏற ஏறப் பனியும் கனக்கும். 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லை, புல்தரை தெரிந்தது. பிப்ரவரியில் ஒரேயடியாகக் கொட்டியது. 22-ந் தேதி பனிச்சரிவில் வெளிநாட்டுச் சறுக்கர் ஒருவர் மாண்டார்.

இதையெல்லாம் நண்பருக்கு எழுதினேன். பதிலில் ஒரு சங்கதி வந்தது. அவர் ஊருக்குப் பக்கத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து தக்காளி போடுகிறவர் ஒருவர் இருக்கிறாராம். காஷ்மீரத்தில் இரண்டு குளிர்காலம் இருந்தவர். அவரிடம் போய்க் கேட்டிருக்கிறார். “மாவா இருக்கறப்ப ஒண்ணும் தெரியாதுங்க சார். களிப் பதத்துக்கு வந்துட்டா காலை விடாது” என்றாராம் அவர். கேழ்வரகு மாவு, கேழ்வரகுக் களி. தர்மபுரிப் பக்கத்தில் களி கிண்டாத வீடு கிடையாது. களி இறுகுகிற சமயத்தில் துடுப்பைப் பிடித்துக்கொள்ளும்; இரண்டு கையும் சேர்ந்தால்தான் அசையும். கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று நான் எழுதியதை அந்த மனுஷர் ஒரு அடுப்படியில் சொல்லி முடித்துவிட்டார். அவர் கதை எழுதுகிறவர் அல்ல.

எழுதுகிறவர்கள் பக்கம் வருவோம். ஆழ்ந்த பனியில் இறங்கிய முதல் பெரிய கதாசிரியர் கானன் டாயில் என்று நினைக்கிறேன். ஆரணி குப்புசாமி முதலியார் ஆனந்தசிங்காக நம் பாட்டன்மாருக்கு அறிமுகப்படுத்தினாரே, அந்த ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்தவர். மனைவியின் க்ஷயரோகத்துக்காக ஸ்விட்ஸர்லாந்தில் டாவோஸில் இருந்தபோது, உள்ளூர்ச் சகோதரர்கள் இருவருடன் மலைக் கணவாயைத் தாண்டி அரோஸாவுக்குச் சறுக்கிப் போனார். 1894 டிசம்பர் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் அதை எழுதினார். முழுக்க வேடிக்கை, பலகைகள் தன்னிஷ்டத்துக்கு இழுத்ததையும் தம் கால்சட்டை பட்ட பாட்டையும் சொல்லிச் சிரிக்கிறார். சிரிப்புக்கடியில் கனம் சரியாக இருக்கிறது. விழுந்தவன் எழுதியது என்று தெரிகிறது.

தாமஸ் மான் அதே டாவோஸை வைத்து 1924-ல் வெளியிட்ட ‘மாய மலை’ நாவலில், பனி என்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. ஆஸ்பத்திரி விதியை மீறி ரகசியமாகப் பலகை வாங்கிக்கொண்டு ஹான்ஸ் காஸ்டார்ப் தனியே போகிறான், புயலில் சிக்குகிறான், ஒரு வைக்கோல் குடிசையின் சுவரில் சாய்ந்தபடி கனவு காண்கிறான். விமர்சகர்கள் அந்தக் கனவை எழுதி எழுதித் தேய்த்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது கனவு அல்ல, குடிசைதான். வெகுதூரம் போய்விட்டோம் என்று நம்பிப் போராடினவன், புறப்பட்ட அதே குடிசைக்கு வந்து நிற்கிறான். வட்டம் சுற்றியிருக்கிறான். வெள்ளையில் திசை கிடையாது, பனியில் உழைப்புக்குக் கணக்கு கிடையாது என்பதை அந்த ஒரு குடிசை சொல்லிவிடுகிறது. கனவு வந்ததும் மானுக்குப் பனி தேவைப்படவில்லை. அது ஒரு வாசல். திறந்து உள்ளே போய்விடுகிறார். ஹெமிங்வே வாசலிலேயே நிற்கிறார். அவரைப் பெரியவர் என்று சொல்லமாட்டேன், மான் இருக்கும்போது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் கையில்தான் பனி இருக்கிறது.

நம்மவர்கள்? தொடர்கதைகளில் புதுத் தம்பதி காஷ்மீரம் போவார்கள். பனி பஞ்சுபோல் இருக்கும், பால்போல் இருக்கும், வெள்ளித் தகடுபோல் இருக்கும். உருண்டை பிடித்து எறிவார்கள். நாயகி ‘ஐயோ, சில்லுங்கறது’ என்பாள். அத்தியாயம் முடிந்தது. 1961-ல் ஶ்ரீதர் ‘தேனிலவு’க்காகக் காஷ்மீரத்துக்கே காமிராவைக் கொண்டுபோனார், ஏரியும் படகும் கண்ணுக்குக் குளிர்ச்சி. 1992-ல் மணிரத்னத்தின் ‘ரோஜா’வில் தென்பாண்டிக் கிராமத்துப் பெண் முதல் தடவையாகப் பனியைப் பார்க்கிறாள். அந்தக் குதூகலம் பொய்யல்ல; நாமும் அப்படித்தான் துள்ளியிருப்போம். அதற்குப் பிறகு எத்தனையோ படங்களில் அதே பனி, பாட்டுக்கு விரித்த ஜமக்காளமாக வந்துகொண்டிருக்கிறது. பஞ்சு, பால், வெள்ளி எல்லாமே கண் கொடுத்த உவமைகள். கால் கொடுத்த உவமை ஒன்றுகூட இல்லை.

இது ரசனைக் குறை மட்டும் என்றால் நான் இவ்வளவு நீட்டியிருக்கமாட்டேன். 2016 பிப்ரவரி 3-ந் தேதி சியாச்சினில், 19,600 அடி உயரத்துக் காவல் நிலையொன்றின் மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் 19-வது படைப்பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர் அடியில் போனார்கள். நாலு பேர் தமிழ்நாட்டார்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி. கிருஷ்ணகிரி என்றால் மாரண்டஹள்ளிக்கு அடுத்த ஜில்லா. ஆறு நாள் கழித்துத் தோண்டியபோது கர்நாடகத்து ஹனுமந்தப்பா ஒருவர் மட்டும் உயிரோடு கிடைத்தார். 11-ந் தேதி டில்லி ஆஸ்பத்திரியில் அவரும் போய்விட்டார். அந்த வாரம் முழுக்கத் தமிழ்ப் பத்திரிகைகள் பனி, பனி என்று எழுதின. படித்தவர்கள் கண்ணீர்விட்டார்கள். ஆனால் அந்த நாலு வீட்டிலும் கேட்டிருப்பார்கள்: பனிதானே, தள்ளிக்கொண்டு எழுந்து வரக்கூடாதா? நகர்ந்து நின்ற பனிச்சரிவு நின்ற கணத்திலேயே இறுகிவிடும், உள்ளே இருப்பவனால் விரலைக்கூட அசைக்க முடியாது என்பதை அவர்களுக்கு எந்தத் தமிழ்க் கதை சொல்லிவைத்திருந்தது? புல்நுனிப் பனியையும் அந்தப் பனியையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோம்.

சொல் இல்லை என்பதை நான் ஒப்பமாட்டேன். பனிக்கு இல்லாத சொற்கள் மண்ணுக்கு இருக்கின்றன. புழுதி, சகதி, சேறு, உளை. தெற்கே போனால் தொளி. ஏரி வற்றினால் மேலே ஓடுகிற காய்ந்த தோலுக்குப் பொருக்கு. புழுதியில் உழுவதும் சேற்றில் உழுவதும் ஒன்றல்ல என்று தெரியாத சம்சாரி உண்டா? உளையில் மாட்டின மாட்டைக் கொம்பைப் பிடித்து இழுக்கக்கூடாது, பலகையைப் போட்டு அதன்மேல் ஏற்றவேண்டும் என்று தெரிந்தவர்கள் நாம். அந்தப் பலகைக்கும் நிக்கின் பலகைக்கும் தத்துவம் ஒன்றே: பாரத்தைப் பரப்பு. நாற்று நடப் போன ஒரு பெண்ணால் ஆழ்பனியை நம் தொடர்கதை நாயகனைவிட நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். கழனியில் கிடக்கிற சொற்களை விட்டுவிட்டுப் பஞ்சுக் கடைக்குப் போனோம்.

ஆகவே, காற்றடித்து இறுகின சரிவுக்குக் ‘காற்றுப் பொருக்கு’ என்று போடச் சொல்லி நண்பருக்கு எழுதினேன். உடனே ஏற்றுக்கொண்டார். பள்ளத்துப் பனியில்தான் தகராறு. பட்டாளத்துக்காரர் சொன்ன களி அவரை மயக்கிவிட்டது. ‘களிப்பனி’ என்று திருத்தி அனுப்பினார். எழுத்தில் அது சந்தோஷத்தின் களியாகப் படிக்கப்பட்டு, சினிமாப் பாட்டுக்கே திரும்பிப் போய்விடும். தவிரவும் நிக் விழுந்தது ஈரத்தில் இறுகிய பனியில் அல்ல. காற்று தொடாமல் தளர்வாகக் கிடந்த பனியில். கெட்டித்தரையில் ஓடிக்கொண்டிருந்தவன் அறியாமல் உளையில் காலை வைத்ததுதான் விஷயம். ‘உளை’ என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பனியென்ற சொல்லே வேண்டாம், ‘பள்ளத்தில் ஒரு உளை’ என்றால் போதும் என்றேன். அவர் இன்னும் இறங்கிவரவில்லை.

டெலிமார்க், கிறிஸ்டி என்று கதையில் திருப்பங்களின் பெயர்கள் வருகின்றன. அவற்றுக்கு நண்பர் ‘மண்டியிட்ட திருப்பம்’ என்றெல்லாம் சிரமப்பட்டிருந்தார். வேண்டியதில்லை. டெலிமார்க் நார்வேயில் ஒரு பிரதேசம். கிறிஸ்டி என்பது கிறிஸ்டியானியா, இன்றைய ஆஸ்லோவின் பழைய பெயர். எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊர்ப் பெயர். நாம் காஞ்சிபுரம் உடுத்தினாள், சின்னாளப்பட்டி உடுத்தினாள் என்று எழுதுவதில்லையா? அப்படியே விட்டுவிடலாம்.

எல்லாவற்றிலும் கஷ்டம் கடைசிப் பக்கம். அங்கே பனியைப் பற்றிப் பேச்சே அதிகம் இல்லை. மறுபடி சறுக்க வருவோம் என்று உறுதி சொல்லிக்கொள்ள முடிந்தால் நன்றாயிருக்கும் என்கிறான் ஜார்ஜ். அதில் பிரயோஜனம் இல்லை என்கிறான் நிக். மனைவி, குழந்தை, ஊர் எல்லாம் அவனுக்கு வேண்டியவைதான். அவற்றின் மேல் அவனுக்குக் கோபம் இல்லை. பள்ளத்தில் விழுந்தபோது பனியின் மேல் எப்படிக் கோபம் இல்லையோ, அப்படி. வேகம் அளவுக்கு மிஞ்சினதும் தெரிந்திருந்தது, பிடித்துக்கொண்டிருந்ததும் அவனேதான். முதல் பக்கத்துப் பனி கனமாக இருந்தால்தான் இந்தப் பக்கம் தானாகவே கனக்கும். ஆசிரியர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவேண்டியதில்லை, சொல்லவும் இல்லை.

தமிழில் இதற்கு ஒரு விசேஷ இடைஞ்சல். ‘சத்தியம்’ என்றால் கோயில் வாசலில் கற்பூரம் அணைக்கிற வாசனை வந்துவிடுகிறது. ‘வாக்குறுதி’ என்றால் தேர்தல் ஞாபகம். அதோடு, நாம் யாரும் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்கிறோம். திரும்பி வருவதை விடைபெறுகிற வாக்கியத்திலேயே முடிந்துவைத்திருக்கிற பாஷையில், வருகிறேன் என்று சொல்ல மறுக்கிற ஒருவனை எப்படிப் பேசவைப்பது? நண்பர் அந்த இடத்தை மூன்று விதமாக எழுதி அனுப்பியிருக்கிறார். முதலாவதில் நிக் நாடகம் போடுகிறான். மூன்றாவதில் வக்கீல்போல் பேசுகிறான். இரண்டாவது தேவலை, அதிலும் ஒரு ‘நண்பா’ அதிகம், அதை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.